நீல லொறியின் ஒயிலில் உப்பு

1. கடதாசி வந்த நாள்

எஞ்சின் ஒயில் றிப்போட்டை வாசிக்கப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அதில் எந்த எண் பெரிதாக இருக்கிறதென்று தேடி ஓடாதீர்கள் என்பதுதான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு நல்ல மனிதரின் வேலையைப் பறிக்கப் பார்த்துப் படித்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாண நகரில், கடலேரிக் கரைப் பக்கமாக எங்கள் விவசாயிகள் சங்கத்தின் லொறி டிப்போ இருந்தது. மூன்று லொறிகள். சுன்னாகத்தில் வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோவது அவற்றின் வேலை. நான் அங்கே ஸ்ரோர் கிளாக். ஏ.எல். பரீட்சையில் கெமிஸ்ட்ரி நன்றாகச் செய்தும் யூனிவர்சிட்டி கம்பஸுக்கு எடுபடாமல் போன கோபத்தோடு அந்த வேலைக்குப் போனவள். கிறீஸ் மணக்கிற இடத்தில் பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன வேலை என்று மனேஜர் முதல்நாளே முகத்துக்கு நேரே கேட்டார். ஒரு மாதத்தில் அவருடைய ஸ்பெயார்ஸ் அலுமாரியை ஒழுங்குபடுத்திக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை.

கொழும்பில் ஓர் ஆய்வுகூடம் இருந்தது. லொறி ஓடி வந்து நின்ற சூட்டோடு கொஞ்சம் ஒயில் எடுத்து அங்கே அனுப்பினால், அதற்குள் என்னென்ன கரைந்து கிடக்கிறதென்று அளந்து ஒரு தாளில் எழுதி அனுப்புவார்கள். எஞ்சினுக்குள் தேய்கிற ஒவ்வொரு பாகமும் ஒயிலில் தன் பொடியை விட்டுவிட்டுப் போகும். பிஸ்டன் ஓடுகிற லைனர் தேய்ந்தால் இரும்பு. பெயாரிங் தேய்ந்தால் செம்பும் ஈயமும். வெளியிலிருந்து புழுதி போனால் சிலிக்கன். இதெல்லாம் ஆங்கிலத்திலும் கெமிஸ்ட்ரிக் குறியீட்டிலும் இருக்கும். டிப்போவில் அதை வாசிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும். அந்தக் கடதாசி வருகிற நாளில் எனக்கு டொக்டர் மரியாதை கிடைக்கும். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிவேன்.

அன்றைக்கு வந்தது நீல லொறியின் றிப்போட். சோடியம் என்ற வரியில் எப்போதும் நாலு, ஐந்து என்று இருக்கும். அன்றைக்கு அறுபத்திரண்டு. பக்கத்தில், தண்ணீர் உண்டு என்றும் குறித்திருந்தார்கள். அடியில் ஒரு குறிப்பு: எஞ்சினைக் குளிராக்கும் தண்ணீர் ஒயிலுக்குள் இறங்குவதாகத் தெரிகிறது, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, அதற்கடியில் தண்ணீரை அடைக்கிற காஸ்கட்டையும் லைனரையும் பார்க்கவும்.

சோடியம் என்றால் என்ன என்று மனேஜர் கேட்டார். உப்பு, ஐயா, என்றேன். பரீட்சையில் சரியான விடை எழுதிய சந்தோசத்தோடு சொன்னேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் எழும்பினார்.

நீல லொறியின் டிரைவர் நாகேசு அண்ணை. எட்டு வருசமாக அந்த ஒரு லொறிதான். மனேஜர் அவரைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார்.

"றேடியேற்றருக்கு எங்கை தண்ணி எடுக்கிறனீர்?"

"வீட்டிலையிருந்துதான் ஐயா. கானிலை கொண்டு வாறனான்."

"அப்ப ஒயிலுக்குள்ளை உப்பு நடந்தே வந்தது?"

எங்கள் டிப்போக் கிணறு உவர்க் கிணறு. கடலேரி பக்கத்தில் இருந்தால் வேறென்ன வரும். சோப் போட்டால் நுரைக்காது. அந்தத் தண்ணீரை றேடியேற்றருக்கு விட்டால் உள்ளே அரித்துத் தின்றுவிடும் என்பது டிரைவர்மார் எல்லாருக்கும் தெரியும். மற்ற இரண்டு டிரைவர்மாரும் அவசரத்துக்கு எப்போதாவது விட்டிருப்பார்கள். நாகேசு அண்ணை விடமாட்டார். அவருடைய வீடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், நல்ல தண்ணீர்க் கிணற்றோடு. தினமும் காலையில் சைக்கிள் கரியரில் ஒரு பிளாஸ்டிக் கான் தண்ணீர் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருவார். அதைச் சொல்லி எல்லாரும் பகிடி பண்ணுவோம். லொறிக்குப் பால் கொண்டு வந்திட்டார் என்போம்.

மனேஜர் அதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. கான் தண்ணீர் கொண்டுவர அலுப்பாகிப் பஞ்சிப்பட்டு உவர்த் தண்ணீரை விட்டிருக்கிறார், காஸ்கட் அரித்துவிட்டது, எஞ்சின் நாசம் என்று முடிவுகட்டினார். இரண்டு கிழமையில் சங்கத்தின் கூட்டம் இருந்தது. அங்கே கடிதம் வைத்து ஆளை வேலையிலிருந்து நிற்பாட்டப்போவதாகச் சொன்னார். லொறியை ஸ்ராட் பண்ணுகிற திறப்பை மேசையில் வைக்கச் சொன்னார்.

நாகேசு அண்ணை வெளியே போய் றேடியேற்றர் மூடியைத் திறந்து, விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அங்கே நின்றே சொன்னார்.

"நீங்களும் ஒருக்கா நாக்கிலை வைச்சுப் பாருங்கோ ஐயா. உப்புக் கரிச்சால் நான் இப்பவே வீட்டை போறன்."

"நேற்று மாத்தியிருப்பீர்" என்றார் மனேஜர். யன்னலுக்கு அப்பால் எட்டியும் பார்க்கவில்லை.

நாகேசு அண்ணை உள்ளே வந்தார். திறப்பை மேசையில் வைத்தார். வெறும் கானைச் சைக்கிளில் கட்டினார். போய்விட்டார்.

2. யன்னல் விளிம்பில் மூன்று போத்தல்

அடுத்த நாள் காலையில் யன்னல் விளிம்பில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

ஒயில் அனுப்ப ஆய்வுகூடமே போத்தல் தரும். காய்ந்த, மூடி இறுக்கிய பிளாஸ்டிக் போத்தல். அந்த முறை ரயில் பார்சல் தடைப்பட்டுப் போத்தல் வரவில்லை. கெட்டிக்காரி நான், ஒரு மருந்துக் கடையில் நாலு சின்னப் போத்தல் வாங்கிவந்தேன். வாங்கியவுடன் என்ன செய்தேன்? கழுவினேன். எங்கள் ஊரில் கடையிலிருந்து வருகிற எதையும் கழுவாமல் யாராவது பாவிப்போமா? புதுக் கிளாஸ் வாங்கினாலும் மூன்று தரம் அலசிக் கவிழ்த்துவிட்டுத்தான் தண்ணீர் வார்ப்போம். நானும் டிப்போக் கிணற்றடியில் இருந்து, மூன்று தரம் அலசிக் கழுவினேன். அந்த நேரம் பார்த்து நீல லொறி சூட்டோடு வந்து நின்றது. ஒயில் ஆறமுதல் போத்தல் வேண்டுமென்று துரை பாஸ் சத்தம் போட்டார். துரை பாஸ்தான் எங்கள் மெக்கானிக். கையிலிருந்த ஈரப் போத்தலை இரண்டு தரம் உதறிவிட்டுக் கொடுத்தேன். மற்ற மூன்றையும் கந்தோர் யன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தேன்.

அந்த மூன்றும் இன்னமும் அங்கேதான் இருந்தன. வெயில் பட்டபோது ஒன்றின் உள்பக்கத்தில் மெல்லிய வெள்ளைப் படை தெரிந்தது. விரலை விட்டுச் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு.

போத்தலுக்குள் தங்கிய உவர்த் தண்ணீர்தான் கொழும்புக்குப் போயிருக்கிறது. தண்ணீர் உண்டு என்று அவர்கள் எழுதியது பொய்யில்லை. உப்பு என்று நான் சொன்னதும் பொய்யில்லை. நாகேசு அண்ணையின் எஞ்சினுக்கும் அதற்கும்தான் ஒரு சம்பந்தமும் இல்லை.

உடனே மனேஜரிடம் ஓடினேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நான் ஓடவில்லை. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. பயம். இவளை வேலைக்கு எடுத்ததே பிழை என்று மனேஜர் சொல்லுவார், திரும்பவும் வீட்டில் குந்தியிருக்க வேண்டிவரும் என்ற பயம். அந்த இரண்டு நாளும் நாகேசு அண்ணை வேலைக்கு வந்தார். லொறி இல்லாத டிரைவர் என்ன செய்வார்? முற்றத்தைக் கூட்டினார். ரயர்களை அடுக்கினார். கான் தண்ணீர் மட்டும் கொண்டுவரவில்லை.

3. சூட்டுத் தகட்டில் ஒரு துளி

மூன்றாம் நாள் துரை பாஸ் ஹெட்டைக் கழற்ற ஸ்பனர் சாவிகளை எடுத்து வைத்தார். அதைக் கண்டதும் எனக்குப் பயத்தைவிட வேறொன்று பெரிதாகிவிட்டது. ஹெட்டைக் கழற்றினால் புது காஸ்கட் கொழும்பிலிருந்து வரவேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பார்சல் வரும், வராது என்று யாரும் சொல்லமுடியாது. சுன்னாகத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். லொறியும் கிடக்கும், மனிதரும் வேலையில்லாமல் நிற்பார், எல்லாம் நான் கழுவிய ஒரு போத்தலால். பாஸிடம் போய் நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன்.

பாஸ் என்னை ஏசவில்லை. எண்ணெய் அடுப்பில் ஒரு தகட்டைச் சூடாக்கச் சொன்னார். நல்ல காலம், லொறியின் ஒயில் இன்னும் மாற்றப்படவில்லை. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதன் அடியிலுள்ள சம்பிலிருந்து ஒயில் எடுத்துத் தகட்டில் ஒரு துளி விட்டார். தண்ணீர் கலந்த ஒயில் என்றால், தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோலச் சடசடக்கும். அது சத்தமில்லாமல் பரவிப் புகைந்தது. பிறகு இன்னொரு கிண்ணத்தில் அதே ஒயிலில் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுக் கலந்து விட்டார். வெடித்துத் தெறித்தது.

இரண்டையும் பார்த்துவிட்டுப் பாஸ் சாவிகளைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். இன்னொரு றிப்போட் வராமல் ஹெட்டில் கை வைக்கமாட்டேன் என்று மனேஜரிடம் போய்ச் சொன்னார். பாஸ் சொன்னால் மனேஜர் மறுக்கமாட்டார். கூட்டம் நடக்கும் நாள்வரை தவணை கொடுத்தார்.

ஆனால் லொறி ஒயிலைத் திரும்ப அனுப்பி அதில் உப்பு இல்லை என்று வந்தால் மட்டும் போதாது. இடையில் ஒயிலை மாற்றியிருப்பான் என்று மனேஜர் சொல்லுவார். ஆகவே இரண்டு போத்தல் தயார்பண்ணினேன். முதலாவது, கடையில் வாங்கிய புதுப் பிளாஸ்டிக் போத்தல். அதைக் கழுவவில்லை. கழுவாமல் விடுவதற்கு எனக்குக் கை கூசியது. அதில் லொறி ஒயில். இரண்டாவது, யன்னல் விளிம்பிலிருந்த மருந்துப் போத்தல். அதை அன்றைக்குப்போலவே கிணற்றடியில் அலசி, இரண்டு தரம் உதறி, சீல் உடைக்காத புது ஒயில் ரின்னைத் திறந்து எந்த எஞ்சினுக்குள்ளும் போகாத ஒயிலை ஊற்றினேன். எல்லாவற்றையும் பாஸ் பக்கத்தில் நின்று பார்த்தார். லொறி இலக்கம் எழுதவில்லை. ஒன்று, இரண்டு என்று மட்டும் எழுதி ஒட்டினேன்.

4. காலை ரயில்

தபாலை நம்பினால் கூட்டம் முடிந்த பிறகுதான் பதில் வரும். யாராவது கையில் கொண்டுபோகவேண்டும். கொழும்பு தெரிந்த, சிங்களம் கதைக்கத் தெரிந்த, வேலையில்லாமல் நிற்கிற ஆள் டிப்போவில் ஒருவர்தான்.

நாகேசு அண்ணை ரயர்களுக்குப் பக்கத்தில் இருந்தார். போத்தல்களைக் கொடுக்குமுன் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். போத்தலைக் கழுவினது நான், உதறினது நான், உப்பு என்று சொன்னதும் நான் என்றேன். இரண்டு நாள் தெரிந்தும் பேசாமல் இருந்ததையும் சொன்னேன்.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"இரண்டு நாளோ?"

"ஓம் அண்ணை."

"நான் எட்டு வருசம் தண்ணிக் கானைச் சைக்கிளிலை காவினனான் பிள்ளை. ஒரு நாளிலை எல்லாம் இல்லையெண்டு போச்சு." பிறகு கையை நீட்டினார். "கொண்டா உந்தப் போத்தலை."

அடுத்த நாள் காலை ரயிலில் போனார். வழியில் சோதனையில் ஒரு ஆமிக்காரன் கறுத்த ஒயில் போத்தலைக் கண்டு துவக்கை நேரே பிடித்துவிட்டானாம். எங்கள் லொறிக்குச் சுகமில்லை, இரத்தம் சோதிக்கக் கொண்டுபோகிறேன் என்று இவர் சிங்களத்தில் சொன்னாராம். அவன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். தன் தகப்பனும் லொறி டிரைவர்தான் என்று சொல்லி விட்டுவிட்டானாம். வந்த பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார். போகும்போது அவர் சிரித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஆய்வுகூட வாசலில் இரண்டு நாள் காத்திருந்து கையோடு பதிலை வாங்கிக்கொண்டு வந்தார். உறையைப் பிரிக்கவில்லை. மனேஜரின் மேசையிலும் வைக்கவில்லை. என்னிடம் தந்தார்.

5. இரண்டாம் போத்தல்

மனேஜர், பாஸ், நாகேசு அண்ணை மூன்று பேருக்கும் முன்னால் பிரித்தேன். இலக்கம் ஒன்று, லொறியின் ஒயில்: சோடியம் ஐந்து. தண்ணீர் இல்லை. இலக்கம் இரண்டு, ரின்னிலிருந்த புது ஒயில்: சோடியம் ஐம்பத்தெட்டு. தண்ணீர் உண்டு. ஹெட்டைக் கழற்றிப் பார்க்கவும் என்று அதற்கும் எழுதியிருந்தார்கள்.

பாஸ் வாய்விட்டுச் சிரித்தார். "ரின்னுக்கு எங்கை ஐயா ஹெட் கிடக்கு, கழற்ற?"

மனேஜருக்கு விளங்கவில்லை. நான் யன்னல் விளிம்பிலிருந்த போத்தல் ஒன்றை எடுத்து அவருக்கு முன்னால் வைத்து, விரலால் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். முகம் மாறியது.

"ஆர் இதைக் கழுவினது?"

"நான்தான் ஐயா. நாகேசு அண்ணையின்ரை பேரை எழுதின கடிதத்திலை என்ரை பேரை எழுதுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லமுதல் நான் சொல்லவேண்டிய இன்னொன்று இருந்தது. உறையைப் பிரித்தபோதே அது என் கண்ணில் குத்தியது.

முதலாம் இலக்கத்தில் உப்பு இல்லை, சரி. ஆனால் சிலிக்கன் நாற்பத்துநாலு. வழமையில் பத்துக்கு மேலே போகாது. அலுமினியம் ஏறியிருந்தது. இரும்பு இரண்டரை மடங்கு. பழைய றிப்போட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் சிலிக்கன் முப்பத்தெட்டு. அங்கேயே இருந்திருக்கிறது. அறுபத்திரண்டைக் கண்ட பிறகு நாங்கள் ஒருவரும் அடுத்த வரியை வாசிக்கவில்லை. நான்கூட வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் மண். அதோடு இரும்பும் ஏறினால், அந்த மண் லைனரை அரைக்கத் தொடங்கிவிட்டது. காற்றுப் போகிற வழியில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றேன். எயார் கிளீனரைத் தான் போன கிழமைதான் துப்புரவாக்கினதாக நாகேசு அண்ணை மெதுவாகச் சொன்னார். திரும்பவும் தன் தலையில் விழப்போகிறதென்று அவர் பயந்தது எனக்குத் தெரிந்தது.

நாலு பேரும் லொறிக்குப் போனோம். எயார் கிளீனர் சுத்தமாகத்தான் இருந்தது. அதிலிருந்து எஞ்சினுக்குப் போகிற றப்பர் ஹோஸைப் பாஸ் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகு அதன் நுனியிலிருந்த கிளிப்பைத் தளர்த்தினார். கிளிப்புக்கு அடியில், வெளியே ஒரு கண்ணுக்கும் தெரியாமல், விரல் நீளத்துக்கு வெடிப்பு. ஹோஸை உரித்துத் திருப்பினார். உள்ளே சிவப்புக் கோடு. சுன்னாகத்துத் தோட்ட ஒழுங்கைகளின் செம்பாட்டுப் புழுதி, வெடிப்பிலிருந்து எஞ்சின் வாய்வரை, ஒரே கோடாக.

"இதை ஆராலும் கண்டிருக்கேலாது" என்று பாஸ் மனேஜருக்குக் கேட்கச் சொன்னார். "இன்னும் நாலு ட்ரிப் ஓடியிருந்தால் எஞ்சின் முடிஞ்சுது. ஹெட்டைக் கழற்றி காஸ்கட் மாத்தியிருந்தாலும் முடிஞ்சுதுதான்."

எனக்குள் எழும்பிய சந்தோசத்தை எப்படி எழுதுவது? குதிக்கவேண்டும்போல இருந்தது. சாறியோடு குதிக்கமுடியாது என்றுதான் நின்றேன்.

மனேஜர் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. லொறியின் முன்பக்கம் போனார். றேடியேற்றர் மூடியைத் திறந்தார். விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"நல்ல தண்ணிதான்" என்றார்.

பிறகு கந்தோருக்குப் போய்த் திறப்பை எடுத்துவந்து, தன் கையால் நாகேசு அண்ணையின் கையில் வைத்தார். கூட்டத்துக்கு எழுதிய கடிதத்தை அவர் என்ன செய்தாரென்று தெரியாது. என் பேரில் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மூன்று லொறியின் ஒயில் பரிசோதனைப் பொறுப்பும் என்னுடையது என்று மட்டும் ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

6. அதற்குப் பிறகு

புது ஹோஸுக்காக நாங்கள் கொழும்பைப் பார்த்திருக்கவில்லை. தோட்டக்காரர்கள் தண்ணீர் இறைக்கிற பம்புக்குப் போடும் தடித்த ஹோஸில் ஒரு துண்டு வெட்டி, பாஸ் அளவாகப் பொருத்தினார். ஒயிலை மாற்றி, வெங்காயம் ஏற்றி நாலாம் நாள் லொறி புறப்பட்டது. அடுத்த றிப்போட்டில் சிலிக்கன் ஒன்பது. இரும்பும் இறங்கியிருந்தது. அந்தக் கடதாசியைக் கந்தோர்ச் சுவரில் ஒட்டினேன். ஒருவரும் கழற்றவில்லை. சண்டையில் கொழும்புப் பாதை மூடப்பட்டு ஆய்வுகூடமும் இல்லாமல்போன பிறகு, பேப்பரில் ஒரு துளி விட்டுக் கறையைப் பார்த்தும் தகட்டில் ஒரு துளி விட்டும் நாங்களே சோதித்தோம். டீசல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய தொண்ணூறுகளிலும் அந்த எஞ்சின் ஓடியது. அதுவரை அதன் ஹெட்டை ஒருவரும் கழற்றவில்லை.

நீங்கள் ஒயில் எடுக்கும்போது காய்ந்த போத்தலில் எடுங்கள். கழுவக் கை துடிக்கும், கழுவாதீர்கள். றிப்போட் வந்தால் எல்லா வரியையும் வாசியுங்கள். ஒரு வரி கத்துகிறதென்றால், மற்ற வரிகளை இன்னொரு தரம் வாசியுங்கள். எவருடைய பிழை என்று சொல்வதற்கு முதல், அந்த ஒயில் எந்தெந்தக் கையால் வந்ததென்று பாருங்கள். உங்கள் கையையும் சேர்த்து.

லொறி புறப்பட்ட அந்தக் காலையில் நாகேசு அண்ணை இரண்டு கான் கொண்டுவந்தார். ஒன்றை றேடியேற்றருக்கு வார்த்தார். மற்றதைக் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இனிக் கழுவுறதெண்டால் இதிலை கழுவு பிள்ளை."

நான் அதில் போத்தல் கழுவவில்லை. கேத்தலில் ஊற்றி நாலு பேருக்கும் தேத்தண்ணி போட்டேன். மனேஜர் இரண்டு கோப்பை குடித்தார்.